வல்லமையும் வரம்பும்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்தனர். பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் மட்டும் ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் தயங்கி நின்றான். அருகில் சென்றேன். "சாமி, ஒரு சந்தேகம். சூப்பர்மேன் கொலை செய்தது சரியா, தவறா?" என்று கேட்டான்.

2013இல் வெளிவந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' என்னும் திரைப்படத்தை அவன் முந்தைய இரவு கைப்பேசியில் பார்த்திருக்கிறான். அதன் இறுதியில் தளபதி ஜாட் என்பவன் தன் கண்களிலிருந்து பாயும் அனற்கதிரால் ஒரு குடும்பத்தையே எரிக்க முற்படுகிறான். அவனைப் பின்னாலிருந்து இறுகப் பற்றியிருக்கும் சூப்பர்மேன், வேண்டாம் என்று மன்றாடுகிறான். பகைவன் இணங்கவில்லை. அவன் கழுத்தை முறித்துக் கொன்றுவிடுகிறான் சூப்பர்மேன். "வேறு வழியே இல்லையே, சாமி?" என்றான் மாணவன்.

குருத்துவக் கல்லூரியில் படித்த அறநெறி இறையியல் உடனே கைகொடுத்தது. அநியாயமாகத் தாக்குபவனிடமிருந்து மாசற்றவர்களைக் காக்கும் கடமை, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே பயன்படுத்தத்தக்க வலிமை என்று விளக்கினேன். மாணவன் நிறைவோடு வீடு திரும்பினான். எனக்குத்தான் நிறைவு ஏற்படவில்லை. அவன் கேட்டது அறநெறிக் கேள்வி என்று எண்ணிப் பதில் சொல்லிவிட்டேன். உண்மையில் அது கலையைப் பற்றிய கேள்வி. கதைக்குள் அறையைக் கட்டுபவரும், அதற்கு வாசல் வைப்பவரும் கதாசிரியரே. எல்லா வாசல்களையும் தாமே அடைத்துவிட்டு, "பாவம், அவனுக்கு வேறு வழியில்லை" என்று அவரே கண்ணீர் வடித்தால் அதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பங்குக் குருவுக்கும் சூப்பர்மேனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். ஒரு சிறு ஒப்புதல் வாக்குமூலம் தந்துவிடுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தொற்றிய சித்திரக்கதைப் பித்து, ஐம்பதைக் கடந்த பின்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.

சிவகாசி தந்த செல்வம்

1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து தமிழ்ச் சிறுவர்களுக்கு ஓர் உலகையே அனுப்பிவைத்தன. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டு அண்ணன் போன்றவர். இளங்குருமடத்திற்குச் சென்றபோது துணிப்பெட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்கீழ் நான்கைந்து இதழ்களை வைத்துக்கொண்டு போனவன் நான்.

அவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தவன் ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்லன், இவன் வேறு. கூரிய செவிகளும் கறுத்த உடையும் கொண்ட பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகன். குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக விரும்பியவன், பெல்ஹாம், ஆர்டினி என்னும் இரு கூட்டாளிகளோடு கொள்ளையடித்தவன், பின்னர் குற்றவாளிகளையே எதிர்த்துப் போராடுபவனாக மாறினான். தீயவன் ஒருவன் தன் செருக்கைக் கூட விடாமல் மெல்ல மெல்ல நன்மையின் பக்கம் நகர்வதை அந்த வயதில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகே ஓர் உண்மை தெரியவந்தது. 1960களில் ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் ஓவியர் ஜோ ஷுஸ்டருடன் இணைந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். உலகின் முதல் அதிமானுட நாயகனைப் பெற்றெடுத்தவரின் எழுத்தைத்தான், அவர் பெயரே அறியாமல், தமிழில் நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்.

முதற் கதையில் இருந்தது என்ன?

சித்திரக்கதைகள் திரைக்கு வரும்போது அன்பர்கள் முதலில் ஆராய்வது உடையை. நிறம் சரியா, மேலங்கி உண்டா, மார்பின்மீது அந்த எழுத்து உண்டா என்று அளந்து பார்ப்பர். நானும் அப்படிச் செய்தவனே. ஆயினும் மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பது தையற்காரரின் வேலை மட்டும் அன்று.

1938 ஜூன் என்று தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேனின் முதற் கதை வெறும் 13 பக்கங்களே. அதில் வேற்றுக்கிரகப் படையெடுப்பு இல்லை. இடிந்து விழும் மாநகரம் இல்லை. செய்யாத குற்றத்திற்காக மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெண்ணைச் சூப்பர்மேன் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கும் கணவன் ஒருவனைத் தடுத்து நிறுத்துகிறான். வாஷிங்டனில் செனட்டர் ஒருவரைத் தன் பக்கம் இழுக்கும் தரகனைப் பிடித்து உலுக்குகிறான். பொருளாதார மந்தத்தால் நலிந்த அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரின் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் இருவர் கண்ட கனவு அது. சட்டமும் செல்வமும் கைவிட்டவர்களுக்கு யாரேனும் துணைவர வேண்டும் என்ற ஏக்கமே அந்த நீல உடைக்குள் இருந்த உயிர்.

ரிச்சர்டு டானர் இயக்கி 1978இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' திரைப்படம் இவ்வுயிரை உணர்ந்திருந்தது. ஒரு சிறுவன் சித்திரக்கதை இதழைப் புரட்டிப் படிப்பதோடு அப்படம் தொடங்குகிறது. கிறிஸ்டோபர் ரீவ் ஏற்று நடித்த சூப்பர்மேன், உயரமான கட்டடத்தில் தொங்கும் ஹெலிகாப்டரிலிருந்து விழும் பெண்ணைத் தாங்கிப் பிடிக்கிறான். அதே இரவில், மரத்தில் ஏறிக்கொண்ட பூனையை இறக்கி ஒரு சிறுமியின் கையில் கொடுக்கிறான். பூனையும் அவன் கவனத்திற்குரியதே. 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில், பேருருவ விலங்கு ஒன்று நகரை மிதித்து நொறுக்கும் வேளையிலும் நாயகன் ஓர் அணிலைத் தூக்கி அப்பால் விடுகிறான். அரங்கில் சிலர் சிரித்தனர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 47 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அந்தப் பூனையை நினைவில் வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

இவ்விரண்டுக்கும் இடையில் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்திலோ கட்டடங்கள் சீட்டுக்கட்டுபோலச் சரிகின்றன. அவற்றுள் இருந்தவர் எத்தனை பேர் என்று படமும் எண்ணவில்லை, நாயகனும் எண்ணவில்லை. இறுதியில் ஒரே ஒரு குடும்பத்தின் உயிருக்காக அவன் கதறும்போது அக்கதறல் என்னைத் தொடாமல் போனதற்குக் காரணம் இதுவே. ஆயிரம் பேரை மறந்துவிட்ட கதை, நால்வருக்காக அழச் சொல்கிறது.

மூலத்திலும் கொலை உண்டே!

மூலக் கதைகளிலும் சூப்பர்மேன் கொன்றிருக்கிறானே என்று விவரமறிந்த அன்பர்கள் மறுப்புரைப்பர். உண்மை. ஜான் பைர்ன் எழுதி வரைந்து 1988இல் வெளியான கதையொன்றில், ஜாட் உள்ளிட்ட மூவருக்குச் சூப்பர்மேன் தானே நீதிபதியாகி மரண தண்டனை நிறைவேற்றுகிறான். அவர்கள் தங்கள் உலகில் ஓர் உயிரைக்கூட விட்டுவைக்காதவர்கள். ஆனால் அதன்பின் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். அச்செயல் அவன் உள்ளத்தை அரிக்கிறது. பல மாத இதழ்களில் அவன் மனம் கலங்கித் திரிகிறான். தன்னால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்றஞ்சிப் பூமியைவிட்டே வெளியேறி விண்வெளியில் அலைகிறான். மனவருத்தத்திற்கும் தவத்திற்கும் இடம் தந்த கதை அது.

திரைப்படத்தில் அவன் ஒருமுறை ஓலமிடுகிறான். தோழியின்மீது முகம் புதைத்துக்கொள்கிறான். அடுத்த காட்சியில், தன்னை வேவு பார்த்த ஆளில்லா விமானத்தை வீழ்த்திவிட்டு இராணுவத் தளபதியிடம் இனிதாகப் பேசிக்கொண்டிருக்கிறான். கொலை நிகழ்ந்ததைவிட, அந்தக் கொலைக்குப்பின் எதுவும் நிகழாததே என்னை உறுத்துகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பதாண்டுகளாக அமர்ந்திருப்பவன் நான். பிறருக்கு இழைத்த சிறு தீங்குகூட மனிதரை எத்தனை ஆண்டுகள் துரத்துகிறது என்பதைக் கண்டிருக்கிறேன். வெறும் கற்பனையான அந்தச் சித்திரக்கதை இதை அறிந்திருந்தது. பெருஞ்செலவில் எடுத்த படம் அறியவில்லை.

அதே படத்தில் கிறிஸ்தவ அடையாளங்களுக்குக் குறைவில்லை. நாயகன் தனக்கு 33 ஆண்டுகள் ஆயின என்கிறான். ஓர் ஆலயத்தில் அருள்பணியாளரிடம் பேசுகையில், அவனுக்குப் பின்னே கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபிக்கும் வண்ணக் கண்ணாடி ஓவியம் தெரிகிறது. படத்தைத் தயாரித்த நிறுவனம் அமெரிக்கப் போதகர்களுக்காக மறையுரைக் குறிப்புகளையே ஆயத்தம் செய்து வழங்கியது. நம்மவருள் சிலர் இவை கண்டு மகிழ்ந்திருக்கலாம். எனக்கு மகிழ்ச்சியில்லை. கெத்சமனியில் வாளை உறையில் போடச் சொன்னவரின் படத்தைப் பின்னணியாக மாட்டிவிட்டு, முன்னணியில் வேறொரு கதையைச் சொல்வது அலங்காரமேயன்றி ஆன்மிகம் அன்று.

தந்தையின் கல்லறை அருகே

1978ஆம் ஆண்டுப் படத்தைக் குருமட மாணவனாயிருந்தபோது வாடகை வீடியோவில் பார்த்தேன். என் தந்தை மாரடைப்பால் இறந்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அப்படத்தில் சூப்பர்மேனை வளர்த்த தந்தை ஜோனத்தன் கென்ட்டும் மாரடைப்பால் வீட்டு வாசலருகே சாய்கிறார். அடக்கத்தின்போது, இத்தனை ஆற்றல் இருந்தும் தந்தையைக் காக்க இயலவில்லையே என்று மகன் தாயிடம் சொல்கிறான். விரிந்த வானம், வயல்வெளி, ஒரு சிறு கல்லறைத் தோட்டம். அந்தச் சில மணித்துளிகளில் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் நோயிற்பூசுதல் வழங்க வீடு வீடாகச் சென்றபோதெல்லாம் அக்காட்சி நினைவுக்கு வந்ததுண்டு. "ஏதாவது செய்யுங்கள், சாமி" என்று தாய்மார் என் கைகளைப் பற்றுவர். என் கையில் இருப்பது எண்ணெயும் செபமும் மட்டுமே. வல்லமைக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பிற்கு அப்பால் அன்பு மட்டுமே உடன்வரும். ஒரு சூப்பர்மேன் படம் இதைச் சொல்லத் துணிந்தது என்பதற்காகவே அதை நான் மறவேன்.

அந்தோ, அதே படம் தன் முடிவில் தானே சொன்னதை மறுத்துவிடுகிறது. நிலநடுக்கத்தில் லோயிஸ் லேன் இறந்ததும், சூப்பர்மேன் பூவுலகைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பி அவளை மீட்கிறான். அப்படியானால் தந்தைக்காக ஏன் திருப்பவில்லை? கல்லறை அருகே அவன் கற்ற பாடம் என்னாயிற்று? நான் மிகவும் நேசிக்கும் படம் இது. இக்குறையை மட்டும் என்னால் மன்னிக்க இயலவில்லை. துயரத்தை அழித்துவிடுவது ஆறுதல் ஆகாது. அதைச் சுமக்கக் கற்றுக்கொடுப்பதே ஆறுதல்.

கட்டங்களின் மௌனம்

சித்திரக்கதைக்கும் திரைப்படத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இயக்குநர்கள் பலர் உணர்வதில்லை. சித்திரக்கதையில் ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே சிறு வெள்ளை இடைவெளி இருக்கிறது. அங்கே நடப்பதை வாசகரே நிரப்புகிறார். எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது என்பதும் அவர் விருப்பம். திரைப்படத்தில் காலத்தின் கடிவாளம் இயக்குநரின் கையில் இருக்கிறது.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். 1966இல் வந்தது. பெரும் இயந்திரம் ஒன்றின்கீழ் பீட்டர் பார்க்கர் அகப்பட்டுக் கிடக்கிறான். நோயுற்ற அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறது. நீர் ஏறிக்கொண்டே வருகிறது. பக்கத்திற்குப் பக்கம் அவன் முயல்கிறான், தோற்கிறான், மீண்டும் முயல்கிறான். முயற்சி வளர வளரக் கட்டங்களும் வளர்கின்றன. கடைசியில் ஒரு முழுப்பக்கத்தை நிறைத்து அவன் பாரத்தைத் தூக்கி எழுகிறான். கட்டத்தின் அளவே அங்கே கதை சொல்கிறது.

2017இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' இக்காட்சியைக் கையாண்டது. இடிபாடுகளுக்கடியில் சிக்கிய சிறுவன் உதவிக்கு யாரேனும் வாருங்கள் என்று விம்மி அழைக்கிறான். அந்தக் குழந்தைக் குரல் மூலத்தில் இல்லாத நல்ல சேர்க்கை. ஆயினும் அத்தையும் மருந்தும் காணாமற் போயினர். யாருக்காக எழுகிறான் என்ற கேள்வி மறைந்து, தான் தகுதியுள்ள நாயகன்தானா என்ற கேள்வி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பாரம் அதேதான், அதைத் தூக்கவைத்த அன்பு வேறாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' 1986, 87ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது. அதிமானுட நாயகர்கள் மீதான நம் மயக்கத்தையே விசாரணைக்கு உட்படுத்திய படைப்பு அது. ஸாக் ஸ்னைடர் 2009இல் அதைப் படமாக்கியபோது பல கட்டங்களை அப்படியே பெயர்த்துத் திரையில் வைத்தார். ஆனால் எலும்பு முறியும் காட்சிகளை மெதுவாக ஓடவிட்டு அழகுபடுத்தினார். எதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமென்று மூலம் விரும்பியதோ, அதையே கண்டு கைதட்ட வைத்தது படம். எழுத்துக்குச் செலுத்திய பற்று பொருளைக் காக்கவில்லை. மூர் தம் பெயரைப் படத்தில் இட இசையவில்லை.

2018இல் வந்து, சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' மட்டுமே இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டது என்பேன். அச்சு மையின் புள்ளிகள், கட்டங்களாகப் பிரியும் திரை, நாயகனின் எண்ணங்களைத் தாங்கிய எழுத்துப் பெட்டிகள் எல்லாம் அதில் உண்டு. சித்திரக்கதை என்றாலே சிறுபிள்ளைத்தனம் என்று வெட்கப்படாமல், அதன் மொழியை மதித்துக் கற்றுக்கொண்ட படம் அது.

மக்கள் தாங்கிய நாயகன்

எனக்கு மிக விருப்பமான இரு காட்சிகள் உள்ளன. ஒன்று, சாம் ரைமி இயக்கிய 'ஸ்பைடர்மேன் 2' படத்தில், 2004இல். கட்டுப்பாடிழந்து ஓடும் தொடர்வண்டியின் முகப்பில் கைகளை இருபுறமும் விரித்து நின்று அதை நிறுத்துகிறான் பீட்டர். முகமூடியும் இல்லை, சக்தியும் இல்லை, மயங்கிச் சாய்கிறான். உள்ளிருந்த மக்கள் அவனை மெல்ல இழுத்து, தலைக்குமேல் கைகளில் ஏந்தி, தரையில் கிடத்துகின்றனர். முகத்தைப் பார்த்தவர்கள் இவன் சிறுபிள்ளையல்லவா என்று திகைக்கின்றனர். அவன் யார் என்பதை வெளியிடுவதில்லை என்று வாக்களித்து, இரு சிறுவர்கள் முகமூடியைத் திரும்பக் கொடுக்கின்றனர். வண்ணக் கண்ணாடி ஓவியம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

மற்றொன்று, கிறிஸ்டோபர் நோலன் 2008இல் இயக்கிய 'தி டார்க் நைட்'. இரு படகுகள், ஒன்றில் குடிமக்கள், மற்றொன்றில் கைதிகள். மற்ற படகைத் தகர்க்கும் விசை ஒவ்வொரு படகிலும் இருக்கிறது. முதலில் அழுத்துபவர் பிழைக்கலாம் என்கிறான் ஜோக்கர். கைதிகளுள் ஒருவன் அந்த விசையை வாங்கிச் சன்னல் வழியே நீரில் எறிந்துவிடுகிறான். குடிமக்களும் அழுத்தவில்லை. அப்போது பேட்மேன் அவ்விடத்தில் இல்லை. நாயகன் காணாத இடத்தில், எவரும் எதிர்பாராத மனிதர்கள் நன்மையைத் தேர்ந்துகொள்கின்றனர். அங்கும் எல்லா வாசல்களும் அடைக்கப்பட்டிருந்தன. கதாசிரியர்களோ மனிதர் மீது நம்பிக்கை வைத்து ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தனர்.

படைத்தவர்க்கு உரியது

நாயகர்களின் நீதியைப் பேசும்போது, அவர்களைப் படைத்தவர்களுக்குக் கிடைத்த நீதியையும் பேசுவதே முறை. சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். பல ஆண்டுகள் வறுமையில் உழன்று, வழக்குகளில் தோற்று, பொதுமக்களிடம் முறையிட்ட பிறகே 1975இல் ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் ஓய்வூதியமும், படைத்தவர் என்ற பெயரும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு ஆற்றிய பில் ஃபிங்கர் 1974இல் காலமானார். அவருடைய பங்கு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்டதோ 2015இல்தான். கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளியின் குரல் விண்ணை எட்டும் என்று நம்புகிறவர்கள் நாம். கோடிகள் குவிக்கும் இப்படங்களின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை எழுந்து போகாமல் நான் படிப்பதற்குக் காரணம் இதுவே.

மறு ஞாயிறு அந்த மாணவனை அழைத்தேன். "தம்பி, போன வாரம் நான் சொன்ன பதில் பாதிதான். சூப்பர்மேனுக்கு வேறு வழி இருந்திருக்கும். கதை எழுதியவர்கள் அதைத் தேடவில்லை" என்றேன். என் பழைய பெட்டியிலிருந்து ஸ்பைடர் இதழ் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தேன். தாள் பழுத்து ஓரங்கள் உதிர்ந்திருந்தன. அதைப் பக்குவமாக வாங்கிக்கொண்டு, சற்று யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்படியென்றால் நீங்கள் எழுதியிருந்தால் எப்படி முடித்திருப்பீர்கள், சாமி?"

நல்ல கேள்வி. வாரங்கள் சில கடந்தும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவனும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்பது தெரியும். ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து, புதிதாக ஒரு முடிவை யோசித்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறான்.